மலை தந்தது தண்ணீர். மனிதன் தந்தது காவிரி!

(தலைப்பு: ‘காவிரியின் பெருமைக்குப் பெரிதும் காரணம் இயற்கையின் கொடையா? மனிதனின் உழைப்பா?’ இதில் ‘மனிதனின் உழைப்பே’ என்ற அணியில் பேசியது.)

அன்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! நான் எங்கே தடுக்கி விழுவேன் என்று காகிதமும் பேனாவுமாகக் காத்திருக்கிற எதிரணி நண்பர்களே! பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி குடகு மலையிலே ஏறினார். ஏறியவர் கடைசி வரைக்கும் இறங்கவே இல்லை! (சிரிப்பு) மலையைப் பாருங்கள், மேகத்தைப் பாருங்கள், மழையைப் பாருங்கள் என்று பத்து நிமிஷமும் பனிமூட்டத்துக்குள்ளேயே போய்விட்டது. அங்கேயிருந்து பார்த்தால் கீழே இருக்கிற மனுஷன் எப்படித் தெரிவான்? அதனாலே நான் கொஞ்சம் கீழே இறங்கி வந்து பேசுகிறேன்.

நடுவர் அவர்களே, ஒரு வீட்டிலே நடந்ததைச் சொல்கிறேன். எந்த வீடு என்று கேட்காதீர்கள். ராத்திரி நான் அந்த வீட்டுக்குத்தான் சாப்பிடப் போகணும். (சிரிப்பு) மருமகள் விடியற்காலை எழுந்து சாம்பார் வைத்தாள். மாமியார் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டார். வாயிலே வைத்தார். “பரவாயில்லையே! இந்தத் தடவை பருப்பு நல்ல பருப்பு” என்றார். மறுநாள் உப்புக் கூடிப்போச்சு. அன்றைக்கு “உப்பு சரியில்லை” என்றாரா? “உன் கை சரியில்லை” என்றார்! (சிரிப்பு, கைதட்டல்) நல்லா வந்தால் பருப்பு, கெட்டுப்போனால் கை. எதிரணியின் வாதம் முழுக்க இந்த மாமியார் வாதம்தான் ஐயா. காவிரி வளம் கொழித்தால் அது இயற்கை. காவிரி காய்ந்து கிடந்தால் அது மனிதன். இது என்ன நியாயம்?

இயற்கையின் பங்கை நான் மறுக்கவில்லை. குடகிலே தலைக்காவிரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,400 அடி உயரம். அங்கே பிறந்து, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்து, பூம்புகாரிலே கடலைத் தொடுகிறாள் காவிரி. வருகிற வழியிலே ஹேமாவதி வருகிறாள், கேரளத்து வயநாட்டிலிருந்து கபினி வருகிறாள், சிம்ஷா, அர்க்காவதி வருகிறார்கள். தமிழ்நாட்டுக்குள்ளே வந்தால் பவானி, நொய்யல், அமராவதி. கல்யாண வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்து சேருகிற மாதிரி வழியெல்லாம் வந்து சேருகிறார்கள். மூன்று மாநிலமும் புதுச்சேரியும் சேர்ந்த வடிநிலம் 81,155 சதுர கிலோமீட்டர். எல்லாம் இயற்கை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரே ஒரு கேள்வி. அந்த மலையிலே மழை எப்போது பெய்கிறது?

குடகிலும் வயநாட்டிலும் பெருமழை தென்மேற்குப் பருவத்திலே. ஜூன் முதல் செப்டம்பர் வரை. அந்த நேரத்திலே எங்கள் தஞ்சாவூரிலே என்ன மழை? வியர்வை மழைதான்! (சிரிப்பு) எங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையிலே. அங்கே மழை கொட்டும்போது இங்கே வெயில். மலையிலே விழுகிற மழை சில நாளிலே வெள்ளமாக வந்து, நாலு நாள் கரையை உடைத்து, ஐந்தாம் நாள் கடலுக்குப் போய்விடும். ஆனால் குறுவைப் பயிர் நாலு நாளா தண்ணீர் குடிக்கிறது? விதைத்தது முதல் கதிர் முற்றுகிற வரைக்கும், நூறு நாளைக்கு மேலே குடிக்க வேண்டும் ஐயா! நாலு நாள் வெள்ளத்தை நூறு நாள் தண்ணீராக மாற்றியது யார்? மேகமா? மேட்டூரா?

1925-இலே தொடங்கி 1934-இலே முடித்தார்கள் மேட்டூர் அணையை. 120 அடி வரைக்கும் தேக்கலாம். கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டி.எம்.சி. என்று செய்தியிலே தினமும் கேட்கிறோம். தாய்மார்களுக்காகச் சொல்கிறேன், ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. இதுக்கு மேலே கணக்குக் கேட்காதீர்கள், நான் தமிழ் வாத்தியார். (சிரிப்பு)

அந்த அணையைக் கட்டும்போது எத்தனையோ ஊர்கள் தண்ணீருக்குள்ளே போயின. இன்றைக்கும் நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கத்திலே பழைய சிவன் கோயிலின் நந்தி வெளியே தெரியும். கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் தலை காட்டும். வேடிக்கை பார்க்க ஜனங்கள் போகிறார்கள். நான் பார்த்தபோது எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. யாரோ சாமி கும்பிட்ட இடம், யாரோ தாலி கட்டிக்கொண்ட இடம், தண்ணீருக்குள்ளே இருக்கிறது. அவர்கள் ஊரைக் கொடுத்தார்கள்; நாம் சோறு சாப்பிடுகிறோம். இதை இயற்கையின் கொடை என்று எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. (கைதட்டல்)

மேட்டூரைத் தாண்டுங்கள். பவானி கூடுதுறையிலே பவானி சேருகிறாள். நொய்யல், அமராவதி சேர்ந்த பிறகு கரூர், குளித்தலைப் பக்கம் அகண்ட காவிரி. எதிர்க்கரையிலே நிற்கிறவர் யார் என்று அடையாளம் தெரியாது. அவ்வளவு அகலம். அப்புறம் முக்கொம்பு. இந்த இடத்தை எல்லாரும் கவனமாகக் கேட்கணும், ஏனென்றால் என் வழக்கே இங்கேதான் இருக்கிறது.

முக்கொம்பிலே ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவிலே ஸ்ரீரங்கம். இதிலே கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. கடலுக்குப் போகிற பாதையும் நேர். காவிரியின் படுகை மேடு. தண்ணீருக்கு என்ன குணம்? பள்ளத்தைத் தேடி ஓடுகிற குணம். இயற்கையின் இஷ்டத்துக்கு விட்டால் தண்ணீர் எங்கே போகும்? கொள்ளிடத்துக்குப் போகும். கொள்ளிடம் கடலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். தஞ்சாவூருக்கு ஒரு தம்ளர் மிஞ்சாது!

ஸ்ரீரங்கத்தைத் தாண்டினதும் இரண்டு ஆறும் மறுபடி நெருங்கி வருகின்றன. அங்கேயும் காவிரித் தண்ணீர் கொள்ளிடத்துக்குள்ளே சரியப் பார்க்கிறது. அந்தச் சரிவிலே போய்க் குறுக்கே நின்றான் ஒருவன். “இங்கே போகாதே, இப்படி வா” என்று கையைக் காட்டினான். அவன்தான் கரிகாலன். அவன் காட்டிய கைதான் கல்லணை! (பலத்த கைதட்டல்)

ஏறத்தாழ 2,000 ஆண்டுக்கு முன்னாலே, 1,080 அடி நீளத்துக்கு, ஆழம் காண முடியாத ஆற்று மணலிலே கல்லைப் போட்டுப் போட்டு எழுப்பியது. கல் மணலிலே இறங்கும். இறங்கட்டும் என்று மேலே இன்னொரு கல். அதுவும் இறங்கும், இன்னொன்று. இனிமேல் இறங்காது என்கிற இடத்திலே அணை நின்றது. வெள்ளைக்காரப் பொறியாளர் ஆர்தர் காட்டன் வந்து பார்த்தார். மணலிலே அடித்தளம் போடுகிற வித்தையை இந்த அணையிலிருந்துதான் கற்றோம் என்று அவரே எழுதினார். 1836 முதல் 1838 வரை முக்கொம்பிலே மேலணையைக் கட்டியவர் அவர். பிறகு ஆந்திரத்திலே கோதாவரியிலே தவளேசுவரத்தில் அணை கட்டும்போதும் அந்தப் பாடம் அவருக்கு உதவியது. எங்கள் ஊர் அணை பாடம் நடத்தியது; பக்கத்து மாநிலத்து ஆறு பாஸ் ஆனது! (சிரிப்பு, கைதட்டல்)

கல்லணையிலே நின்று பாருங்கள். காவிரி ஒரு பக்கம், வெண்ணாறு ஒரு பக்கம், 1934-இலே வந்த கல்லணைக் கால்வாய் ஒரு பக்கம், மிச்ச வெள்ளத்துக்குக் கொள்ளிடம் ஒரு பக்கம். அதுக்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு... பேரைச் சொன்னாலே நாக்கிலே ஈரம் வரும். இந்த ஆறுகளை மதகு வைத்து, முறை வைத்து, தலைப்பு வைத்து நடத்துகிறான் மனுஷன்.

அதனாலே ஒரு விசித்திரம் பாருங்கள். உலகத்திலே பெரிய ஆறுகள் பலவும் கடலை நெருங்க நெருங்க அகன்றுகொண்டே போகும். காவிரி? கரூரிலே அகண்ட காவிரி. கும்பகோணத்திலே நடுத்தரக் காவிரி. பூம்புகாரிலே ஒரு வாய்க்கால் அளவுக்குக் காவிரி. பாதி வழியிலே திருடு போகவில்லை. பிள்ளைகளுக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியிலே பாத்திரத்தை வழித்துச் சாப்பிடுகிற தாய் மாதிரி, வயலுக்கெல்லாம் கொடுத்துவிட்டு மெலிந்து போய்க் கடலிலே சேருகிறாள். (கைதட்டல்)

வயலுக்கு மட்டுமா? கர்நாடகத்திலே சிவசமுத்திரம். ஆறு விழுந்துகொண்டுதான் இருந்தது, எத்தனையோ ஆயிரம் வருஷமாக. விழுந்தது அருவி, அதிலே விளக்கு எரிந்ததா? 1902-இலே அங்கே மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். 1905-இலே பெங்களூரிலே தெருவிளக்கு எரிந்தது. அதே பெங்களூர் சுமார் 3,000 அடி மேட்டிலே உட்கார்ந்துகொண்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து காவிரியை ஏற்றிக் குடிக்கிறது. இங்கே சென்னை? கீழணையிலிருந்து வடவாற்று வழியாக வீராணம் ஏரி நிரம்பி, 2004-லிருந்து அந்தத் தண்ணீர் குழாயிலே சென்னைக்குப் போகிறது. காவிரிக் கரையிலே இல்லாத இரண்டு பெரிய நகரம். காவிரிக்காக ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொள்கிறார்கள். இரண்டு வீட்டுச் சொம்பிலும் இருப்பது அவளேதான்! (சிரிப்பு)

(நடுவர்: அங்கே குடிக்கிறதைச் சொன்னீங்க, இங்கே கெடுக்கிறதைச் சொல்லலியே?)

வருகிறேன் ஐயா, அங்கேதான் வருகிறேன். எதிரணி நண்பரும் மேஜையைத் தட்டிக் கேட்டார்: “மணலை அள்ளியது யார்? சாயத்தைக் கலந்தது யார்?” என்று. மனுஷன்தான். கொங்கு நாட்டிலே 13-ஆம் நூற்றாண்டிலே காலிங்கராயன் என்று ஒருவர் பவானியிலே அணை கட்டி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினார். இன்றைக்கும் அதிலே பாசனம் நடக்கிறது. அதே கொங்கு நாட்டிலே, நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்திலே 1992-இலே ஓர் அணை கட்டினோம். பாசனத்துக்குக் கட்டிய அணையிலே சாயக் கழிவு நின்றது. விவசாயிகள் “தண்ணீரைத் திறக்காதீர்கள்” என்று கேட்கிற நிலை வந்தது. 2011-இலே உயர்நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டியதாயிற்று. இதையும் செய்தது கைதான். நான் மறைக்கவில்லை.

ஆனால் நண்பரே, அதனாலே உங்கள் கட்சி ஜெயித்ததா? இல்லை! ஆற்றைக் கெடுக்கிற அளவுக்குக் கைக்குச் சக்தி உண்டு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கெடுக்க முடிகிற கைதானே காக்கவும் முடியும்? எல்லாம் இயற்கை என்று சொல்லிவிட்டால் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆறு காய்ந்தால் வானத்தைப் பார்த்துத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். உழைப்பு என்று சொன்னால் தூங்க முடியாது. தூர் வாரணும்!

2018-ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 16-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சாதாரண ஆண்டிலே பிலிகுண்டுலுவிலே நமக்கு 177.25 டி.எம்.சி. வர வேண்டும் என்று. எத்தனை வருஷத்து வழக்கு! அந்த ஆகஸ்டிலே இயற்கை என்ன செய்தது? கோர்ட்டு சொன்னதைவிடத் தாராளமாகக் கொட்டியது. மேட்டூர் நிரம்பி வழிந்தது. 22-ஆம் தேதி ராத்திரி முக்கொம்பிலே, 180 வயதான அந்த மேலணையிலே, கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது உடைந்து அடித்துக்கொண்டு போயின. கொள்ளிடத்திலே வெள்ளம் கடலுக்குப் போகிறது. அதே நாளிலே கடைமடை விவசாயி வயலிலே நின்றுகொண்டு “எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை” என்கிறார். இயற்கை கொடுத்தது ஐயா! கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் கை இல்லை.

இதைப் படித்துச் சொல்லவில்லை. என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். எனக்கு ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு கிராமம். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டி ஒரு வாய்க்கால். வாய்க்கால் முடிகிற இடத்திலே கடைமடை வயல்கள். எல்லாம் அரை மா, ஒரு மா வைத்திருக்கிற ஏழைகள். அந்த வருஷம் மேட்டூர் திறந்து பதினைந்து நாளுக்கு மேலே ஆகிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் அங்கேயிருந்து ஓர் அம்மா வந்து வாசலிலே நின்றார்.

“வாத்தியாரய்யா, மேட்டூரு திறந்தாச்சுன்னு ரேடியோவுல சொன்னாங்களாமே. நெசந்தானா?”

“ஆமாம்மா, திறந்தாச்சே.”

“அம்மாந் தொலவுலேருந்து நம்மூரு வரைக்கும் வழி தெரிஞ்சு வந்த தண்ணிக்கு, ஒங்க கொல்லையிலேருந்து எங்க வயலுக்கு மட்டும் வழி தெரியலீங்களா?”

அவ்வளவுதான் கேட்டார். போய்விட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை.

ஏனென்றால் அப்பாவுக்குத் தெரியும். எங்கள் மாட்டுக் கொட்டகையின் பின்சுவர் வாய்க்காலுக்குள்ளே நாலடி இறங்கி இருந்தது. தாத்தா காலத்திலே ஓரடி, பெரியப்பா ஓரடி, அப்புறம் எருக்குழிக்காக அப்பாவே இரண்டடி. யாரும் திருடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டோம். வாய்க்கால் குறுகின இடத்திலே ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டது. தண்ணீர் நின்றுவிட்டது. குடகிலே புறப்பட்டு, இரண்டு மாநிலத்தைக் கடந்து, அத்தனை அணையையும் மதகையும் தாண்டி வந்த காவிரி, எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையைத் தாண்ட முடியாமல் நின்றாள் ஐயா!

மறுநாள் விடியற்காலையிலே சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பா கடப்பாரையோடு நிற்கிறார். சாக்பீஸ் பிடித்த கை. கடப்பாரை பிடித்துப் பழக்கமில்லை. உள்ளங்கை கிழிந்து ரத்தம். அம்மா ஓடி வந்து, “சுவரை இடிச்சுட்டா மாட்டை எங்கே கட்டுறது?” என்றார். அப்பா திரும்பிப் பார்க்காமல், “முன்வாசல்லே கட்டு. கெட்ட வாசனை வந்தா எனக்கு வரட்டும்” என்றார். அன்றைக்கு நானும் மண் சுமந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எங்களோடு ஒரு வாரம் பேசவில்லை; பேசினால் அவர் வீட்டுச் சுவரைப் பற்றிப் பேச்சு வருமே! (சிரிப்பு) எட்டாம் நாள் அவரும் மண்வெட்டி எடுத்தார்.

தண்ணீர் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குள்ளே நாற்றங்காலிலே பாதி காய்ந்துவிட்டது. மிச்சத்தைத்தான் நட முடிந்தது. அந்த அம்மா பிறகு ஒரு நாள் வழியிலே பார்த்து, “தண்ணி வந்துருச்சுங்க” என்றார். நன்றி என்று சொல்லவில்லை. நான் அப்பாவிடம் கேட்டேன்: “ஒரு நன்றிகூடச் சொல்லலியே?” அப்பா சொன்னார்: “அவங்க தண்ணியை அவங்களுக்கு விட்டதுக்கு எதுக்குடா நன்றி?” (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, பங்கு கேட்பது நம் உரிமை. அதைக் கோர்ட்டிலே கேட்போம், ஆணையத்திலே கேட்போம், விடாமல் கேட்போம். வந்த பங்கைக் கடைசி வயல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் கடமை. அதை யாரிடம் கேட்பது? தலைக்காவிரியிலே போய்க் கேட்க முடியாது. நம் கொல்லைப்புறத்திலே போய்க் கேட்கணும்.

(மணி ஒலிக்கிறது)

மணி அடித்துவிட்டது, முடித்துவிடுகிறேன். வருஷா வருஷம் ஆடி பதினெட்டிலே ஆற்றுக்குப் போகிறோம். காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு வைத்துக் கும்பிடுகிறோம். கட்டுச்சாதம் கொண்டுபோய்ச் சாப்பிடுகிறோம். ஆற்றிலே தண்ணீர் இல்லாத வருஷத்திலே குழாயடியிலே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறோம். கும்பிடுவது நல்லதுதான். ஆனால் கும்பிட்ட கையைப் பிரித்து ஒரு தடவை பார்ப்போம். கல்லணையைக் கட்டியதும் இந்தக் கைதான். வாய்க்காலை அடைத்ததும் இந்தக் கைதான். அடைத்ததை இடித்ததும் இந்தக் கைதான்.

மலை தந்தது தண்ணீர். அதைக் காவிரியாக்கி வயலுக்குக் கொண்டுவந்தது மனிதன். பருப்பு நல்ல பருப்புதான் நடுவர் அவர்களே. இன்றைக்காவது அந்த மருமகளின் கைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டு, காவிரியின் பெருமைக்குப் பெரிதும் காரணம் மனிதனின் உழைப்பே, உழைப்பே என்று சொல்லி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)